மூன்றாவது நாற்காலி

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கல்யாணத்தோடு கதையை முடித்து 'சுபம்' என்று போட்டுவிட்டால், அதற்கப்புறம் நடப்பதற்கு நாங்கள் ஜவாப்தாரி அல்ல. கதாநாயகனும் கதாநாயகியும் பத்து வருஷம் கழித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் கோர்ட்டு வாசலில் நின்றால், அந்தக் கதையை எழுத வேண்டியவர் வக்கீல் குமாஸ்தாதான்.

அப்படி நிற்கிறவர்களுக்கு நடுவில் சில சமயம் ஒரு குழந்தையும் நிற்கிறது. பண்டம் பாத்திரம், நகை நட்டு, வீடு வாசல் எல்லாவற்றையும் பங்கு போட்டுவிடலாம். குழந்தையைப் பங்கு போட முடியாது. ஆகவே நீதிமன்றம் அதை ஒருவரிடம் விட்டுவிட்டு, மற்றவர் வந்து பார்ப்பதற்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கிறது. அந்த மற்றவரை நம்பிக் குழந்தையைத் தனியே விடுவதற்கில்லை என்று தோன்றினால், பக்கத்தில் மூன்றாம் மனிதர் ஒருவரை உட்கார்த்தி வைக்கிறது. அவர் முன்னிலையில்தான் தகப்பன் மகளைக் கொஞ்ச வேண்டும். தாய் மகனுக்குத் தலை வாரிவிட வேண்டும். மேல்நாடுகளில் இன்று இது ஒரு முறையான உத்தியோகம். இதற்குப் பயிற்சி உண்டு, விதிகள் உண்டு, கட்டணமும் உண்டு.

அந்த மூன்றாவது நாற்காலி அறைக்குள் எப்படி வந்தது என்று தேடிக்கொண்டு போனால், நமக்குப் பழக்கமான பெயர்களே எதிர்ப்படுகின்றன. முதலில் எதிர்ப்படுகிறவர் ஒரு கவி. நம் பாரதியார் அவரிடம் வைத்திருந்த பக்தியினால் 'ஷெல்லிதாசன்' என்று தமக்குப் புனைபெயர் சூட்டிக்கொண்டார். அந்த ஷெல்லிதான்.

ஷெல்லி பத்தொன்பதாவது வயதில் ஹாரியட் என்ற பெண்ணை ஊருக்குத் தெரியாமல் அழைத்துக்கொண்டு போய் மணந்தார். 1814-ல் அவளை விட்டுவிட்டு மேரி காட்வின் என்பவளோடு போய்விட்டார். அப்போது மூத்த பெண் அயாந்தி ஒரு வயதுக் குழந்தை. இரண்டாவது பிள்ளை சார்லஸ் வயிற்றில் இருந்தான். 1816 டிசம்பரில், லண்டன் ஹைட் பூங்காவில் உள்ள ஏரியிலிருந்து ஹாரியட்டின் பிரேதத்தை எடுத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஷெல்லி மேரியைச் சட்டப்படி மணந்துகொண்டு, "என் குழந்தைகளை என்னிடம் கொடுங்கள்" என்று கேட்டார். ஹாரியட்டின் தகப்பனார் கொடுக்க மறுத்தார். வியாஜ்யம் சான்ஸரி நீதிமன்றத்துக்கு வந்தது.

நீதிபதி எல்டன் பிரபு 1817 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னார். ஷெல்லியின் நாஸ்திகத்துக்குச் சாட்சியாக அவருடைய கவிதையே கோர்ட்டில் வாசிக்கக் கொடுக்கப்பட்டிருந்தது. எல்டன் பிரபு கவிதையைவிட நடத்தையைத்தான் அதிகமாகப் பிடித்துக்கொண்டார். இப்படி நடக்கிறவரிடம் குழந்தைகளை வளர்க்கக் கொடுப்பதற்கில்லை என்றார். அதே சமயம் தாத்தாவிடமும் கொடுக்கவில்லை. ஹ்யூம் என்ற ஒரு டாக்டரும் அவர் மனைவியும் குழந்தைகளை வளர்ப்பதென்று 1818-ல் ஏற்பாடாயிற்று. தகப்பனார் மாதம் ஒரு முறை வந்து பார்க்கலாம். ஆனால் ஹ்யூம் தம்பதிகளின் முன்னிலையில்தான் பார்க்கலாம்.

வருஷத்தில் பன்னிரண்டு சந்திப்பு, பக்கத்திலே காவல். மூன்றாவது நாற்காலியின் பூர்வோத்தரங்களில் இது ஒரு முக்கியமான இடம். அந்த நாற்காலியின் எதிரே வந்து உட்காருவதற்கு ஷெல்லிதான் இல்லை. 1818 மார்ச்சு மாதமே அவர் இங்கிலாந்தை விட்டு இத்தாலிக்குப் போய்விட்டார். இறுதி உத்தரவு பிறந்தது ஜூலையில். 1822-ல் அவர் கடலில் மூழ்கி இறந்தார். அந்தக் குழந்தைகளைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

ஷெல்லிக்கு நேர்ந்தது அந்த நாளில் மிகவும் அபூர்வம். ஏனென்றால் அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் குழந்தை என்பது தகப்பனுடைய சொத்து மாதிரி. 1804-ல் ஒரு வழக்கு நடந்தது. கணவனை விட்டுப் பிரிந்து வாழ்ந்த ஒரு பெண்ணிடமிருந்து, எட்டு மாதக் கைக்குழந்தையை, தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை, தகப்பன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். தாய் நீதிமன்றத்துக்கு ஓடினாள். பிரதம நீதிபதி எல்லன்பரோ பிரபு, குழந்தையை வைத்துக்கொள்ளும் உரிமை தகப்பனுக்கே என்றார். தாய்க்குப் பார்க்கும் உரிமைகூடக் கிடையாது. பார்க்க அனுமதித்தால் அது கணவனுடைய தயவு.

இந்த நிலைமையை அசைத்தவள் ஒரு பெண். அவளும் எழுத்தாளிதான் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை. அவள் பெயர் கரோலின் நார்ட்டன். பிரசித்தி பெற்ற நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி. அழகி, கவிதையும் கதையும் எழுதிப் பணம் சம்பாதித்தவள். பத்தொன்பதாவது வயதில் ஜார்ஜ் நார்ட்டன் என்ற பாரிஸ்டரை மணந்தாள். அவருக்குக் கட்சிக்காரர்கள் வருவது அபூர்வம். கை நீளுவது மட்டும் அபூர்வமில்லை. மனைவியை அடிப்பார். மனைவி எழுதிச் சம்பாதித்த பணம் சட்டப்படி அவருடையது. மனைவியின் சிநேகிதரான மெல்போர்ன் பிரபுவின் சிபாரிசினால் கிடைத்த மாஜிஸ்ட்ரேட் உத்தியோகமும் அவருடையதுதான்.

1836 வசந்தகாலத்தில், மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சகோதரன் வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தாள் கரோலின். கணவர் பிள்ளைகளை அவளுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பிவிட்டார். மூத்தவனுக்கு ஆறு வயது. கடைக்குட்டி வில்லியத்துக்கு மூன்று வயது நிரம்பவில்லை. அதோடு நிற்காமல், அப்போது பிரதம மந்திரியாகவே ஆகிவிட்டிருந்த மெல்போர்ன் பிரபுவின் பேரில், என் மனைவியைக் கெடுத்துவிட்டார் என்று பத்தாயிரம் பவுன் நஷ்டஈடு கேட்டு வழக்கும் தொடுத்தார். ஜூன் 22-ந் தேதி விசாரணை. ஜூரிகள் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலே, பிரபு குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கூத்தைத்தான் சார்லஸ் டிக்கன்ஸ் பிற்பாடு 'பிக்விக்'கில் வேடிக்கையாக்கினார் என்று சொல்லுவார்கள்.

ஊரெல்லாம் சிரித்தது. கரோலினுக்குச் சிரிக்க என்ன இருந்தது? தன் மானத்தைப் பற்றி நடந்த வழக்கில் அவள் வாய் திறக்கவே சட்டத்தில் இடமில்லை. குற்றமற்றவள் என்று தீர்ப்பான பிறகும் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. கணவர் அவர்களை ஸ்காட்லாந்தில் தம் சகோதரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நிரபராதியான தாய்க்கும் சட்டம் கொடுத்தது பூஜ்யம்.

வேறொருத்தியாக இருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இவள் பேனாவை எடுத்தாள். 1837-ல் ஒரு பிரசுரம்; அடுத்த வருஷம் இன்னொன்று; அப்புறம், ஆண் பெயரில் எழுதினால்தான் பெரிய மனிதர்கள் படிப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, பியர்ஸ் ஸ்டீவன்ஸன் என்ற புனைபெயரில் நீதி மந்திரிக்கு ஒரு பகிரங்கக் கடிதம். ஒரு பத்திரிகை அவளைக் கேவலமாகத் தாக்கி எழுதிற்று. மானநஷ்ட வழக்குப் போடலாம் என்று விசாரித்தாள். கல்யாணமான ஸ்திரீ தன் பெயரில் வழக்குப் போட முடியாது என்று பதில் வந்தது!

டால்ஃபோர்ட் என்ற வழக்கறிஞர் பார்லிமெண்டில் மசோதா கொண்டுவந்தார். இவரும் இலக்கியப் பித்து உடையவர். 'பிக்விக்' நாவலை டிக்கன்ஸ் இவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். 1838-ல் காமன்ஸ் சபையில் நிறைவேறிய மசோதா, பிரபுக்கள் சபையில் இரண்டே வாக்கில் தோற்றது. மறு வருஷம் நிறைவேறிவிட்டது. நடத்தை கெட்டவள் என்று கோர்ட்டில் நிரூபிக்கப்படாத தாய், ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்ட குழந்தைகளைப் போய்ப் பார்க்கவும் சான்ஸரி நீதிபதியிடம் மனுச் செய்துகொள்ளலாம். எந்த நேரத்தில், எந்த நிபந்தனைகளோடு பார்ப்பது என்பது நீதிபதியின் உசிதம்.

'எந்த நிபந்தனைகளோடு' என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வார்த்தையின் மேல்தான் மூன்றாவது நாற்காலியைப் போட இடமிருந்தது. தயவாக இருந்தது உரிமையாயிற்று. ஆனால் மேற்பார்வைக்கு உட்பட்ட உரிமை. இருந்தாலும், முதன்முதலாகக் கதவு திறந்தது.

கதவைத் திறந்தவளுக்கு மட்டும் அது திறக்கவில்லை. 1839-ம் வருஷச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. அவளுடைய பிள்ளைகள் இருந்தது ஸ்காட்லாந்தில். 1842-ல் கடைக்குட்டி வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து, அந்தக் காயம் விஷமாகி இறந்துபோனான். தாய்க்குத் தாமதமாக ஆள் அனுப்பினார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை சவப்பெட்டிக்குள் இருந்தான். அதன் பிறகுதான் கணவர் மனம் இளகி, மற்ற இரண்டு பிள்ளைகளையும் அவளோடு பழகவிட்டார். ஊரார் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த உரிமை, அவளுக்கு மட்டும் கடைசிவரையில் கணவனுடைய தயவாகவே இருந்தது.

இனி நம் ஊருக்கு வரலாம். நம்மை அழைத்து வருகிறவர் அன்னி பெஸண்ட் அம்மையார். அடையாற்றில் வெள்ளைப் புடவையோடு காட்சியளித்த அம்மையாரை நமக்குத் தெரியும். அதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்னால் அவர் லண்டனில் கோர்ட்டுப் படி ஏறிய கதையைப் பலர் அறியமாட்டார்கள்.

அவருடைய கணவர் ஒரு பாதிரியார். அம்மையாருக்குக் கிறிஸ்து மதத்தில் நம்பிக்கை போயிற்று. 1873-ல் குடும்பம் பிரிந்தது. பையன் டிக்பி தகப்பனாரிடம், பெண் மேபல் தாயாரிடம் என்று உடன்படிக்கை ஆயிற்று. அம்மையார் நாஸ்திகப் பிரசாரத்தில் இறங்கினார். 1877-ல் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து, கர்ப்பத்தடை பற்றிய ஒரு சிறு புத்தகத்தைப் பிரசுரித்து, அதற்காகக் குற்றவாளிக் கூண்டிலும் ஏறினார். மறு வருஷம் கணவர் பெண்ணைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். நீதிபதி ஸர் ஜார்ஜ் ஜெஸ்ஸல், இப்படிப்பட்ட கொள்கைகளை உடைய தாயிடம் பெண் குழந்தை வளரக்கூடாது என்றார். எட்டு வயதுகூட நிரம்பாத மேபலை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்பீலில், குழந்தைகளைப் போய்ப் பார்க்கும் உரிமை மட்டும் கிடைத்தது. கரோலின் பெற்றுக் கொடுத்த அதே உரிமை. ஆனால் அந்தச் சந்திப்புகள் அவமானமும் இடைஞ்சலுமாக இருந்தன. குழந்தைகளின் மனமும் அலைக்கழிந்தது. கடைசியில் அம்மையார், அவர்கள் வளர்ந்து விவரம் தெரிந்து தாமாக முடிவு செய்கிற வரையில் பார்ப்பதில்லை, கடிதம் எழுதுவதும் இல்லை என்று தீர்மானித்துவிட்டார். இரண்டு பிள்ளைகளும் வயது வந்ததும் தாயைத் தேடிக்கொண்டு வந்தார்கள் என்பது ஆறுதலான செய்தி. ஆனால் நடுவில் போன வருஷங்களை எந்த அப்பீல் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்?

சட்டப்படி கதவு திறந்திருக்கிறது. உள்ளே போனால் நடத்துகிற விதத்தில், போகிறவளே வேண்டாம் என்று திரும்பிவிடுகிறாள். மூன்றாவது நாற்காலியில் உட்காருகிறவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் நடப்பது இதுதான்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே அம்மையார் முப்பத்தைந்து வருஷம் கழித்து, சென்னை ஹைக்கோர்ட்டில் பிரதிவாதியாக நின்றார். இந்தத் தடவை பிள்ளைகளைக் கேட்டவர் ஒரு தகப்பனார், வைத்திருந்தவர் அம்மையார். மதனப்பள்ளியிலிருந்து அடையாற்றுக்கு 1909-ல் குடிவந்த நாராயணய்யா, தம் பிள்ளைகள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் அம்மையாரைக் கார்டியனாக ஏற்று 1910-ல் எழுதிக் கொடுத்தார். அம்மையார் பையன்களைப் படிப்புக்காக இங்கிலாந்து அழைத்துப் போனார். தகப்பனாருக்கு மனம் மாறி, பிள்ளைகளைத் திருப்பித் தரவேண்டும் என்று 1912-ல் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர் ஸி. பி. ராமஸ்வாமி ஐயர். அம்மையார் தமக்காகத் தாமே வாதாடினார்.

1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், பையன்களைத் தகப்பனாரிடம் ஒப்படைக்கும்படி தீர்ப்புச் சொன்னார். அப்பீலிலும் அம்மையார் தோற்றார். லண்டன் பிரிவி கவுன்ஸிலில், 1914-ல் ஜெயித்தார். இந்த வழக்கை விசாரிக்க இங்குள்ள கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் அங்கே எழுந்தது. இவ்வளவு பெரிய வழக்கில் அந்தப் பையன்களைப் பிரதிநிதித்துவப்படுத்த ஒருவரும் இல்லையே, அவர்கள் விருப்பத்தை யாராவது கேட்டீர்களா என்பதுதான் அது.

எனக்கு இந்தச் சரித்திரம் முழுவதும் ஒரு திருப்பத்துக்கு வந்து நிற்கிற இடமாக இதுதான் படுகிறது. ஷெல்லியின் வழக்கில் தகப்பனின் யோக்யதையைப் பார்த்தார்கள். கரோலின் தாயின் உரிமையைக் கேட்டாள். இங்கேயோ, பிள்ளைகளின் பக்கம் ஒரு முகம் திரும்பிற்று. சட்டமும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. நம் நாட்டில் 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டமே மைனரின் நலனைப் பார்க்கச் சொல்லியது. 1925-ல் இங்கிலாந்தில் குழந்தையின் நலனே தலையாயது என்று விதித்தார்கள். 1956-ல் நம்முடைய ஹிந்து மைனர் சட்டம் அதையே சொன்னதோடு, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்றும் வைத்தது. சந்திக்கும் நேரம் என்பது பெற்றவர்களுக்குப் போடுகிற பிச்சை அல்ல, குழந்தைக்குச் சேரவேண்டிய பாக்கி என்ற எண்ணம் இப்படித்தான் வளர்ந்தது.

எண்ணம் மாறியதும் மூன்றாவது நாற்காலியில் உட்காருகிற ஆளும் மாற வேண்டியதாயிற்று. பாட்டனாரோ பாதிரியாரின் வேலைக்காரியோ உட்கார்ந்தால் குழந்தைக்கு நிம்மதி ஏது? இரண்டு பக்கமும் சேராத ஒருவர் வேண்டும். 1980-களில் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் இதற்கென்றே தனி இல்லங்கள் தோன்றின. விளையாட்டுச் சாமான், படப் புத்தகம் எல்லாம் அங்கே இருக்கும். பல இடங்களில் தகப்பன் ஒரு வாசல் வழியாகவும் தாய் வேறொரு வாசல் வழியாகவும் வருவார்கள். வரும் நேரமும் முன்பின்னாக இருக்கும். குழந்தை கைமாறுகிறபோது இருவரும் எதிர்ப்பட்டுச் சண்டை போடக்கூடாதல்லவா?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதற்கு எழுதியிருக்கிற விதிகளைப் படித்தால், ஒரு நாவலாசிரியன் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது. மனித சுபாவத்தை அவ்வளவு நுட்பமாகக் கண்டு எழுதியிருக்கிறார்கள். கட்டணம் வாங்கி மேற்பார்வை செய்கிறவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். 24 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வந்திருப்பவர் மற்றவரைப் பற்றிக் குழந்தையிடம் இழிவாகப் பேசக்கூடாது. கோர்ட்டு விவகாரத்தைப் பேசக்கூடாது. "உங்கம்மா வீட்டுக்கு யார் வருகிறார்கள்?" என்று குழந்தையை வேவு பார்க்கச் சொல்லக்கூடாது. அதன் கையில் கடிதம் கொடுத்து அனுப்பக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேற்பார்வை செய்கிறவருக்கு அவர்கள் பேசுகிற பாஷை தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தமிழ்த் தகப்பன் ஒருவன் அங்கே தன் மகளோடு தமிழில் பேச நேர்ந்தால், அந்தத் தமிழைப் புரிந்துகொள்ளவும் ஓர் ஆள் வேண்டும்!

நம் நாட்டில் 1984-ம் வருஷச் சட்டத்தின் பேரில் குடும்பநல நீதிமன்றங்கள் வந்தன. பிரிந்த பெற்றோர் பிள்ளைகளைப் பார்ப்பதற்குச் சென்னையிலும் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இடம் கொடுக்கிறார்கள். அது ஒன்றுமில்லாததற்கு மேல். ஆனாலும் கறுப்புக் கோட்டும் வாய்தாவும் நடமாடுகிற இடத்தில் மாமரத்து நிழலை எதிர்பார்க்க முடியாது. ஒரு மணி நேரத்தில் பாதி நேரம் குழந்தைக்கு முகம் பழகவே போய்விடும். முகம் பழகியதும் கடிகாரம் குறுக்கே வந்து நிற்கும்.

"பெற்ற தகப்பனுக்குக் காவலா? இதைவிட அவமானம் உண்டா?" என்று சில வாசகர்கள் கேட்கலாம். அவமானம்தான். பொய்க் குற்றச்சாட்டில் மாட்டிக்கொண்டவனுக்கு இரட்டிப்பு அவமானம். ஆனால் குடித்துவிட்டு அடிக்கிற தகப்பனும் உலகத்தில் இருக்கிறான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடத் தயாராக இருக்கிற தாயும் இருக்கிறாள். இவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. சந்தேகம் தீருகிற வரையில் நீதிமன்றத்துக்கு இரண்டே வழி: கதவை அடியோடு சாத்திவிடுவது; அல்லது திறந்துவைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போடுவது.

இரண்டாவது வழியே நல்லது என்று நான் நினைக்கிறேன். இரண்டு நிபந்தனைகளோடு. நாற்காலியில் இருப்பவர் போலீஸ்காரர் போல் விறைத்துக்கொண்டு உட்காராமல், வீட்டுக்கு வந்த பெரியவரைப் போல் இருக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அபாயம் இல்லை என்று தெரிந்த அன்றைக்கே எழுந்து வெளியே போய்விட வேண்டும். உடைந்த எலும்புக்குக் கட்டுப் போடுகிறோம். எலும்பு சேர்ந்த பிறகும் கட்டை அவிழ்க்காவிட்டால் கை விளங்காமல் போய்விடும்.

அந்த நாற்காலி யாருக்காக என்பதை ஷெல்லியின் மகளை நினைத்தால் தெரியும். தம்பி சார்லஸ் 1826-லேயே இறந்துவிட்டான். அயாந்தி 1876 வரையில் வாழ்ந்தாள். அதற்குள் அவள் தகப்பனாரின் கவிதைகள் உலகமெல்லாம் பரவிவிட்டன. யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அதுவல்ல. ஹ்யூம் டாக்டர் வீட்டுக் கூடத்தில், டாக்டரும் அவர் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு மாலை வேளையில் அந்த மனுஷர் வந்து உட்கார்ந்து, "அயாந்தி, இங்கே வா, அம்மா" என்று கூப்பிட்டிருந்தால், அந்த ஒரு குரலாவது அவளுக்குச் சொந்தமாக இருந்திருக்கும்.